நங்கூர மார்க்

ஜெகதாப்பட்டினம்
9-3-1957

கொழும்பில் கடை வைத்திருக்கும் அண்ணன் ஆத்மநாதன் அவர்களுக்கு, தங்கை அமிர்தவல்லி எழுதிக்கொண்டது.

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நான் விசாரிக்கப் போவதில்லை. இங்கே யாரும் நலமாக இல்லை. அங்கே நீங்கள் நலமாக இருக்கவேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

உங்கள் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், முந்தாநாள் ஊர் வந்து சேர்ந்தார். வந்தவர் வாயைத் திறக்கவில்லை. தோணியில் கூடப் போன அழகுமலைதான் நடந்ததைச் சொன்னார். நாங்கள் அனுப்பிய இருநூறு சிப்பம் கட்டாக் கருவாடும் சிவப்புப் பாய்ந்து கெட்டுப்போய்விட்டதாம். துறைமுகத்துச் சுகாதார அதிகாரி அத்தனையையும் கொண்டுபோய்க் கடலில் கொட்டச் சொன்னாராம். அதுவரைக்கும் எனக்குப் புரிகிறது. கெட்ட சரக்கைக் கொட்டத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. நாலாங் குறுக்குத் தெருவில், உங்கள் கடை வாசலில், பதினைந்து வியாபாரிகள் சுற்றி நிற்க, ஒரு சிவந்த கருவாட்டை எடுத்து அவர் மூக்கில் தேய்த்தீர்களாமே. "மோந்து பாருய்யா, ஒன் மூக்கு என்ன மரத்துப் போச்சா?" என்று கேட்டீர்களாமே. ஒரு வியாபாரி "இவரு ஒங்க தங்கச்சி வீட்டுக்காரருல்ல?" என்று கேட்டதற்கு, "இவன் எனக்கு யாருமில்ல" என்றீர்களாமே. பன்னிரண்டு வருஷமாக அவர் காயப்போட்டதை விற்றுத்தானே அந்தத் தெருவில் நீங்கள் முதலாளி ஆனீர்கள்? அப்போதெல்லாம் யாருமாக இருந்தவர் அன்றைக்கு எப்படி யாருமில்லாமல் போனார்?

எங்கள் பக்கம் ஒரு குறையும் இல்லை. தை மாதத்து மழையில் அளத்திலிருந்து உப்பு வரவில்லை. அதற்காகக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்காராமல், தொட்டிகளில் கிடந்த பழைய உப்பைச் சுரண்டி எடுத்து, காயவைத்து, நானே மூன்று தடவை சலித்துப் போட்டேன். ஒரு தூசி இருக்காது. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த சரக்கு.

ஒன்று சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே தெருவில், அதே வாசலில், அதே ஆட்களுக்கு முன்னால், எங்கள் நங்கூர மார்க் சிப்பத்தை உங்கள் கையாலேயே அவிழ்த்து, "இது என் மாப்பிள்ளை ரெங்கராஜ் சரக்கு" என்று நீங்கள் சொல்லவேண்டும். சொல்ல வைப்பேன். அதுவரை என் நெஞ்சு ஆறாது.

அமிர்தவல்லி


கொழும்பு
24-3-1957

தங்கை அமிர்தவல்லிக்கு,

ஆத்மநாதர் துணை. உன் கடிதம் கிடைத்தது. ஒரு பொம்பளை தன் அண்ணனுக்கு எழுதுகிற கடிதம் மாதிரி இல்லை அது. போகட்டும்.

உனக்கு இந்தத் தெரு தெரியாது. இங்கே ஒரு சிப்பம் வந்து இறங்கினால் வியாபாரி மேல்பாயை உரிக்கமாட்டான். குத்தூசியை நடுவில் இறக்கி, உருவி, மோந்து பார்த்துவிட்டு மலைத் தோட்டங்களுக்கு ஏற்றிவிடுவான். அவ்வளவுதான் பரீட்சை. முன்னே நம் ஊர்ச் சரக்கு ஒன்றுதான் இருந்தது, எது வந்தாலும் போயிற்று. இப்போது கராச்சியிலிருந்து கப்பல் கப்பலாக வருகிறது. மாலத்தீவு மாசிக் கருவாடு விறகு மாதிரி காய்ந்து வருகிறது, ஆறு மாதம் போட்டு வைத்தாலும் அப்படியே இருக்கிறது. நீங்கள் என்ன அனுப்புகிறீர்கள்? கடற்கரை மணலிலேயே காயப்போட்டு, பாதி மணலை எனக்கு ஏற்றி விடுகிறீர்கள். குடலைச் சரியாக எடுப்பதில்லை. எடுத்த மீனைக் கழுவுவதில்லை. முழ நீளமும் சாண் நீளமும் ஒரே சிப்பத்தில். அரை ஈரத்தில் பாயைச் சுற்றிவிடுகிறீர்கள், எடை நிற்கவேண்டுமே! பன்னிரண்டு வருஷமாக இதையெல்லாம் சிரித்துப் பேசிச் சமாளித்து விற்றவன் நான்.

அன்றைக்கு என்னைப் பார்த்து அத்தனை பேரும் நின்றார்கள். யாரையாவது திட்டாமல் இருந்திருந்தால் அன்றைக்கே என் கடையை மூடியிருப்பேன். மாப்பிள்ளை எதிரே நின்றார். அவ்வளவுதான்.

உன் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். அதைப் பற்றி ஏதோ எழுத நினைத்தேன், வேண்டாம், விட்டுவிட்டேன்.

நங்கூர மார்க்கை இனி இந்தத் தெருவில் எவனும் தொடமாட்டான். கராச்சி சரக்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். நீ சபதம் போடுவதை விட்டுவிட்டு மாப்பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சோறு போடு.

ஆத்மநாதன்


ஜெகதாப்பட்டினம்
11-4-1957

அண்ணன் அவர்களுக்கு,

கொட்டியது போக இரண்டு சிப்பத்தைச் சாட்சிக்கு என்று திருப்பி அனுப்பினீர்களே, அது வந்தது. நான் அவிழ்த்துப் பார்த்தேன். எங்கள் கொட்டகையில் சிப்பத்தைப் பனைநாரால்தான் கட்டுவோம், அது உங்களுக்கும் தெரியும். வந்த இரண்டும் தேங்காய்க் கயிற்றால் கட்டியிருந்தன. அப்படியானால் உங்கள் கிட்டங்கியில் வைத்து அவிழ்த்திருக்கிறீர்கள். எதையோ எடுத்து எதையோ திணித்திருக்கிறீர்கள். விற்காமல் கிடந்த பழைய அழுகலை என் புருஷன் பாய்க்குள் சொருகிவிட்டு, அவர் மூக்கிலேயே தேய்த்திருக்கிறீர்கள். இப்போது எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் உங்களுக்கு முதல் கடிதம் போட்ட மறுநாள் அவர் என்ன செய்தார் தெரியுமா? நான் சலித்து வைத்திருந்த உப்பையெல்லாம் கூடை கூடையாக அள்ளிக்கொண்டுபோய்க் கடலில் கொட்டினார். "ஏங்க, என்னங்க இது?" என்று பின்னாலேயே ஓடினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புத்தி கலங்கிவிட்டது என்றுதான் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அன்றிலிருந்து கொட்டகைப் பக்கமும் வருவதில்லை. வீட்டில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை, அதோடு சரி. உங்கள் வாசலில் ஒரு மனுஷனை நிற்க வைத்துப் பேசிய பேச்சு அவரை இந்தக் கோலத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

கொட்டகையை மூடிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இனி கடிதம் போட வேண்டாம்.

அமிர்தவல்லி


கொழும்பு
20-6-1958

தங்கை அமிர்தவல்லிக்கு,

நீ போட வேண்டாம் என்று சொன்னாய். இருந்தாலும் போடுகிறேன்.

இங்கே நடந்த கலவரத்தைப் பேப்பரில் பார்த்திருப்பாய். பக்கத்து ரொட்டிக் கடைக்காரர், சிங்களவர், என்னை மூன்று நாள் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். உயிர் மிஞ்சியது. கடைக் கதவைப் பிளந்து சரக்கைத் தெருவில் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். கராச்சிக் கருவாடு எரிந்த நாற்றம் இன்னும் சட்டையில் இருக்கிறது.

எனக்கு இனி இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. அறந்தாங்கியில் சின்னதாக ஒரு கடை பார்த்துக்கொண்டு, மிச்சக் காலத்தை ஊரோடு கழித்துவிடலாமா என்று தோன்றுகிறது. நீ "வாங்க" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

ஆத்மநாதன்


ஜெகதாப்பட்டினம்
2-7-1958

அண்ணன் அவர்களுக்கு,

நீங்கள் உயிரோடு இருப்பது தெரிந்து சந்தோஷம். பொய் சொல்லவில்லை, உண்மையான சந்தோஷம்தான். நீங்கள் எனக்கு உயிரோடு வேண்டும்.

ஊருக்கு வராதீர்கள். கதவைச் செப்பனிடுங்கள், அதே வாசலில் கடையைத் திறங்கள். அந்த ரொட்டிக் கடைக்காரருக்கு என் கும்பிடைச் சொல்லுங்கள். உங்களை எனக்காகத்தான் காப்பாற்றியிருக்கிறார்.

அமிர்தவல்லி


கொழும்பு
15-11-1959

தங்கை அமிர்தவல்லிக்கு,

தீபாவளி போய் இரண்டு வாரம் ஆகிறது. ஊர் நினைப்பு வந்தது, எழுதுகிறேன். உன் போன கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. ஆனாலும் கடையைத் திறந்துவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை. வேறு தொழில் தெரியாததற்காக.

வியாபாரம் முன்னே மாதிரி இல்லை. எதிர்க் கடை செல்லமுத்துவுக்கு ஒரு வருஷமாக ஒரு புது மார்க் வருகிறது. ஒரு வட்டத்தில் ஏழு புள்ளி. மூக்குத்தி மார்க்காம்! கருவாட்டுக்கு எவனாவது மூக்குத்தி என்று பேர் வைப்பானா என்று முதலில் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. குத்தூசியை எங்கே இறக்கினாலும் ஒரே வாசம். ஒரு மணல் இல்லை. எல்லா மீனும் ஒரே நீளம். தோணி இறங்குகிற அன்றைக்கே விலை பேசாமல் தூக்கிக்கொண்டு போகிறார்கள். என் கராச்சிச் சரக்கு அதற்கு முன்னால் கிழடு தட்டி உட்கார்ந்திருக்கிறது. அறந்தாங்கியிலிருந்து மரியசெல்வி கம்பெனி என்று எவரோ அனுப்புகிறார்கள். உங்கள் பக்கம்தானே, யார் என்று உனக்குத் தெரியுமா?

இன்னொரு வேடிக்கை. போன மாதம் மலையில் அட்டன் பக்கத்திலிருந்து ஒரு தேயிலைத் தோட்டக் கடைக்காரன் வந்தான். "நங்கூரக் கருவாடு இருக்குங்களா? எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க" என்றான். அது கடலுக்குள் போய் இரண்டரை வருஷம் ஆகிறது, அங்கே போய்க் கேள் என்று சொல்லி அனுப்பினேன். பைத்தியக்காரன்.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்?

ஆத்மநாதன்


ஜெகதாப்பட்டினம்
3-12-1959

அண்ணன் அவர்களுக்கு,

மரியசெல்வி என்பது ஆவூர்ப் பக்கத்துப் பெண்ணாம். வீட்டுக்காரர் ரயில்வேயில் இருப்பதால் அறந்தாங்கியில் குடியிருக்கிறாளாம். அதற்கு மேல் எனக்கென்ன தெரியும்? நான் வீட்டுக் குழம்புக்கு நாலு மீனைக் காயப்போடுகிறவள்.

அவ்வளவு நல்ல சரக்கு என்றால் செல்லமுத்து கொடுத்து வைத்தவர். எதிர்க் கடையில் உட்கார்ந்து பார்க்க உங்களுக்கும் ஒரு கொடுப்பினை வேண்டுமில்லையா?

உங்கள் மாப்பிள்ளையைக் கேட்டீர்கள். பேச்சு அப்படியேதான். ஆனால் இந்தப் பக்கம் உப்பு வண்டி எது வந்தாலும் எழுந்து போய், ஒரு சிட்டிகை அள்ளி வெயிலில் பிடித்துப் பார்க்கிறார். புது உப்பாக இருந்தால் தலையை ஆட்டுகிறார். இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பிவிடுகிறார். வண்டிக்காரர்கள் அவருக்காகவே நிறுத்துகிறார்கள். பைத்தியம் என்று ஆன பிறகும் தொழில் மறக்கவில்லை பாருங்கள்.

அமிர்தவல்லி


கொழும்பு
3-2-1961

அறந்தாங்கி மரியசெல்வி கம்பெனி, மூக்குத்தி மார்க் கருவாட்டு உரிமையாளர் அவர்கள் சமூகத்துக்கு, கொழும்பு நாலாங் குறுக்குத் தெரு ஆத்மநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தங்களை நேரில் அறியேன். தங்கள் சரக்கை இரண்டு வருஷத்துக்கு மேலாக எதிர்க் கடையில் பார்த்து வருகிறேன். முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு சரக்கை நான் பார்த்ததில்லை. இதைப் போட்டியாளன் வாயால் சொல்கிறேன் என்பதைக் கவனிக்கவும்.

இங்கே வெளிநாட்டுச் சரக்கைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். இனி கருவாடு முழுவதையும் அரசாங்கமே ஒரே கையாக வரவழைக்கப் போவதாக அறிவிப்பு வந்துவிட்டது. மார்ச் 20-ம் தேதி எங்கள் தெருவிலேயே அதிகாரி முன்னிலையில் எல்லா மார்க்குகளையும் சோதிப்பார்கள். தேறுகிற மூன்று மார்க் மட்டும்தான் இனி இந்த நாட்டுக்குள் வரும். சரக்கைக் காட்டும் உரிமை பழைய லைசென்ஸ்காரர்களுக்கு மட்டும். செல்லமுத்து புது லைசென்ஸ்காரர். அவரால் தங்கள் மார்க்கைக் கொண்டுவந்து வைக்கவே முடியாது.

என்னிடம் பழைய லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் காட்டுவதற்குச் சரக்கு இல்லை. கராச்சிக்காரர்கள் வேறு பெரிய கையைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கள் ஏஜென்சியை எனக்குத் தந்தால் மார்க்கும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். என்ன நிபந்தனையானாலும் சம்மதம்.

ஆத்மநாதன்


அறந்தாங்கி
18-2-1961

திரு. ஆத்மநாதன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டோம். ஏஜென்சி தர எங்கள் முதலாளியம்மாவுக்குச் சம்மதம். நிபந்தனை ஒன்றுதான்.

சோதனைக்கு என்று தனியாக ஒரு சிப்பம் வரும். அதில் குத்தூசி படக்கூடாது. இருபதாம் தேதி, உங்கள் கடை வாசலில், அதிகாரியும் தெரு வியாபாரிகளும் பார்க்க, தாங்களே கத்தியை எடுத்து மேல்பாயை அறுத்து உரிக்க வேண்டும். வேலையாள் கை வைக்கக்கூடாது. அதுவரை சிப்பத்தை அவிழ்க்கவும் கூடாது. யாருடைய சரக்கு என்று அதிகாரி கேட்டால், உரித்ததும் கண்ணில் படுகிற உண்மையைத் தாங்கள் உரக்கச் சொல்ல வேண்டும்.

சம்மதம் என்றால் தந்தி கொடுக்கவும்.

மரியசெல்வி கம்பெனிக்காக,
மரியசெல்வி


(சிப்பத்தின் மேல்பாய்க்கும் உள்பாய்க்கும் நடுவில், மெழுகுத் துணியில் சுற்றி வைத்தது)

ஜெகதாப்பட்டினம்
4-3-1961

அண்ணன் அவர்களுக்கு,

இப்போது கையில் கத்தியோடு வாசலில் நிற்கிறீர்கள். பதினைந்து பேர் இருக்கிறார்களா? அதற்கு மேலேயும் இருக்கட்டும்.

உள்பாயில் நீலத்தில் இருப்பது நங்கூரம்தான். கண்ணைத் தேய்த்துக்கொள்ள வேண்டாம். அவருடைய பழைய அச்சுக்கட்டையால் நானே குத்தியது. இரண்டரை வருஷமாக ஒவ்வொரு சிப்பத்திலும் மேலே மூக்குத்தி, உள்ளே நங்கூரம். உங்கள் தெருவில் எவனும் மேல்பாயை உரிப்பதில்லை, குத்தூசி விட்டு மோந்து பார்த்துவிட்டு மலைக்கு ஏற்றிவிடுவீர்கள் என்று நீங்களே எழுதியதிலிருந்து தெரிந்துகொண்டேன். பாயை உரிப்பது தோட்டக் கடைக்காரன். அதனால்தான் அந்த அட்டன்காரன் நங்கூரம் கேட்டு வந்தான். அவன் பைத்தியம் இல்லை.

மேலே இருக்கும் ஏழு புள்ளியையும் இப்போது நன்றாகப் பாருங்கள். என் கல்யாணத்துக்கு நீங்கள் போட்ட ஏழுகல் மூக்குத்தி. இரண்டரை வருஷம் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தும், உங்கள் கையால் வாங்கிக் கொடுத்தது உங்களுக்குத் தெரியவில்லை. அவரை மூக்கு மரத்துப் போனவர் என்றீர்கள். உங்கள் கண்ணுக்கு என்ன ஆயிற்று?

இவ்வளவு நல்ல சரக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். உங்கள் கடிதத்தால் வந்தது. மணல், குடல், ஈரம், நீளம் என்று 57-ல் என்னைத் திட்டி எழுதினீர்களே, அதைக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொரு வசவையும் ஒரு வேலையாக ஆக்கினேன். பரண் கட்டி அதன் மேல் காயப்போட்டேன், மணல் போயிற்று. இரண்டு தண்ணீரில் கழுவ ஆள் வைத்தேன். அளவுக்கோல் வைத்து மீனைப் பிரித்தேன். நாற்பது பெண்கள் காலையில் வந்ததும் உங்கள் திட்டைப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுக்கிறார்கள். மரியசெல்வி என் கூட்டாளி, நான் சொன்னதைத் தன் கையால் எழுதினாள்.

அதிகாரி காத்திருப்பார். அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்களுக்கு ஏஜென்சியும் இல்லை, கடையும் இல்லை. சத்தமாகச் சொல்லுங்கள். கடைசியில் நிற்கிறவருக்கும் கேட்கவேண்டும்.

அமிர்தவல்லி


கொழும்பு
2-4-1961

அமிர்தவல்லிக்கு,

சொன்னேன்.

எப்படிச் சொன்னேன் என்பதையும் கேட்டுக்கொள். இதைக் கேட்கத்தானே நாலு வருஷம் உப்பில் ஊறினாய். மேல்பாயை உரித்ததும் நங்கூரத்தைப் பார்த்து முதல் வரிசையில் ஒருவன் "ஆத்மநாதன், இது தண்ணியில போட்ட மார்க்குல்ல?" என்றான். பின்னால் சிரிப்பு. உன் கடிதத்தை அங்கேயே நின்று படித்தேன். அதிகாரி உள்பாயைக் கிழித்து, ஒரு மீனை எடுத்து முறித்து, மோந்து, ஒரு துணுக்கை வாயில் போட்டு மென்றார். பிறகு யாருடைய சரக்கு என்று கேட்டார். என் மாப்பிள்ளை ரெங்கராஜ் சரக்கு என்றேன். அவருடைய குமாஸ்தாவுக்குக் காது மந்தம். மூன்று தடவை சொல்ல வைத்தான். மூன்றாவது தடவை தெரு முழுக்கக் கேட்டது. எதிர்க் கடையில் செல்லமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மூன்று மார்க்கில் முதல் மார்க் நங்கூரம்தான். கராச்சி இரண்டாவது. ஆக, நீ ஜெயித்துவிட்டாய்.

ஜெயித்தவளுக்கு நான் ஏதாவது அனுப்ப வேண்டாமா? இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். 57 மார்ச்சில் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம். அதில் ஒரு வரியின் கீழ் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். பழைய உப்பைச் சுரண்டி மூன்று தடவை சலித்துப் போட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அந்த வரி.

துறைமுகத்து அதிகாரி அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டார். சிவப்பு வருவது ஒரு தடவை மீன் போட்ட உப்பால்தான். அதில் ஒரு கிருமி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, காயவைத்தாலும் சாகாது, சலித்தாலும் போகாது. தோணியில் வருகிற சூட்டில் சிப்பம் சிப்பமாகப் பரவிவிடும் என்றார். அந்த மாதிரி உப்பு நம் சரக்கில் எப்படி வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. உன் கடிதம் வந்த பிறகு தெரிந்தது. தேங்காய்க் கயிறு கேட்டாயே, நல்லது கொஞ்சமாவது மிஞ்சுமா என்று எல்லாச் சிப்பத்தையும் நானே அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கட்டியது. நான் எதையும் திணிக்கவில்லை. அந்த இருநூறு சிப்பத்தையும் கெடுத்தது உன் கை.

இதை ஏன் அப்போதே எழுதவில்லை என்று கேட்பாய். உன்னை நோகடிக்க வேண்டாம் என்றுதான் என்று சொன்னால் அது பாதிப் பொய். ஒரு நாள் உதவும் என்று எடுத்து வைத்தேன். அந்த நாள் வந்துவிட்டது. மாப்பிள்ளையிடம் காட்டு.

ஆத்மநாதன்


ஜெகதாப்பட்டினம்
19-4-1961

அண்ணன் அவர்களுக்கு,

காட்டினேன்.

படித்ததும் முதலில் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். பிறகு உங்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டது போல அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். சிவப்புக் கோட்டுக்கு மேல் 'பழைய உப்பு' என்று இருந்ததைப் பார்த்தார், மேற்கொண்டு படிக்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்பத்திலேருந்து?"

"கொழும்புலயே. அந்தச் செவப்பப் பார்த்தவொடனே."

"அப்பொறம் ஏங்க என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"மூணு தடவ சலிச்சியே. கையெல்லாம் வெடிச்சிருந்துச்சு ஒனக்கு" என்றார். அவ்வளவுதான்.

உப்பை ஏன் கடலில் கொட்டினார் என்றும், உப்பு வண்டியை ஏன் திருப்பினார் என்றும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு வருஷமாக இந்த வீட்டில் பைத்தியம் என்று பேர் வாங்கிக்கொண்டு வாயைக் கட்டியிருந்தது என்னால்தான். வாயைத் திறந்தால் அது வந்துவிடும் என்று பேச்சையே விட்டிருக்கிறார். நான் அதை உங்கள் கணக்கில் எழுதி வைத்து, உங்களைப் பழிவாங்கிக்கொண்டிருந்தேன். தெரிந்த அன்றைக்கு எனக்குச் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. நன்றாகத்தான் அடித்தீர்கள். உங்களுக்குத் திருப்தி என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. அவருக்கும் தெரிந்திருந்தது, உங்களுக்கும் தெரிந்திருந்தது. நான் நோகக்கூடாது என்று அவர் மறைத்தார். நல்ல நேரம் பார்த்து நோகவேண்டும் என்று நீங்கள் வைத்திருந்தீர்கள். உப்புக்கு நான் பொறுப்பு, ஒத்துக்கொள்கிறேன். அவர் மூக்கில் தேய்த்ததற்கும், "யாருமில்ல" என்றதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. அதை என் உப்பில் கரைத்துவிடலாம் என்று பார்க்காதீர்கள்.

ஏஜென்சி உங்களுக்குத்தான், வாக்கு மாறமாட்டேன். ஆனால் மூக்குத்தி மார்க் இனி கிடையாது. அடுத்த தோணியிலிருந்து மேல்பாயிலேயே நங்கூரம் வரும். கீழே ரெங்கராஜ் என்று பேரும் வரும். விற்கிற ஒவ்வொரு சிப்பத்துக்கும் நீங்கள் வாயைத் திறந்து அந்தப் பேரைச் சொல்லித்தான் விற்கவேண்டும். கடை இருக்கிற வரைக்கும் சொல்லுங்கள்.

என் பங்கையும் செய்துவிட்டேன். உங்களைத் தெருவில் நிற்க வைத்த நான் மட்டும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க முடியாது. நேற்றுக் காலை நாற்பது பெண்களையும் கொட்டகையில் கூட்டி, 57-ல் சரக்கைக் கெடுத்தது கொழும்புக்காரர் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை, நான்தான் என்று சொன்னேன். கோடு போட்ட அந்தக் கடிதத்தைச் சுவரில் உங்கள் வசவுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அவர்களில் மூத்தவள் ராக்காயி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இனி புதிதாக வருகிற ஒவ்வொருத்தியும் படிப்பாள், படிக்கத் தெரியாதவளுக்கு நானே படித்துக் காட்டுவேன்.

நான் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றேன். நாலு வருஷமாகக் கொட்டகைக்குள் கால் வைக்காதவர், எப்போது வந்தார் என்று தெரியவில்லை, பின்னால் நின்றிருக்கிறார். நங்கூர அச்சுக்கட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "என்ன எல்லாரும் நின்னுக்கிட்டு இருக்கீங்க? வெயிலு ஏறிருச்சு, அங்கிட்டுப் போயி மீனத் திருப்பிப் போடுங்க" என்றார்.

நீங்கள் நலமா என்று இந்தத் தடவையும் கேட்கவில்லை. எனக்கு இன்னும் மனசு அந்த அளவுக்கு வரவில்லை. அறுபது சிப்பம் திங்கட்கிழமை ஏற்றுகிறோம். எல்லாம் புது உப்பு.

அமிர்தவல்லி